எழாத ராஜகுமாரன்

சனிக்கிழமை சொன்ன கதையில் ராஜகுமாரன் செத்துப்போனான். செத்தவன் திரும்ப எழுந்திருக்கவில்லை. அதுதான் தகராறு.

மறுநாள் காலை நூலகரின் மேஜையைச் சுற்றிப் பெற்றோர் கூட்டம்.

"என்ன சார் கதை சொல்றார் உங்க மீசைக்காரர்? என் பையன் ஒரே அழுகை."

"என் பொண்ணுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு!"

மீசைக்காரர் பழைய லாரி டிரைவர். நாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இங்கே பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். எந்தக் கதையானாலும் சரி, செத்தவனைப் பார்த்துப் பிள்ளைகள் மூன்று தடவை "எழுந்திரு!" என்று கத்த வேண்டும். கத்தினால் எழுந்துவிடுவான்.

நேற்று நாற்பது பிள்ளைகளும் கத்தினார்கள். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை. ராஜகுமாரன் அசையவில்லை. "அவ்வளவுதான் கண்ணுங்களா" என்று கதையை முடித்துவிட்டார்.

"மறந்துட்டீங்களாண்ணே?" மேஜையோரம் உட்கார்ந்திருந்த மீசைக்காரரிடம் நூலகர் கேட்டார்.

"இல்லை."

"பின்னே?"

"செத்துட்டான். விடுங்க."

"வயசாச்சுல்ல, மூளை பிசகிடுச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்.

"அடுத்த வாரம் அவனை எழுப்பிடுங்கண்ணே" என்றார் நூலகர். "பிரச்சினை தீர்ந்துடும்."

"எழ மாட்டான்."

நூலகர் பெற்றோர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அப்போ... நாங்க வேற ஆள் பார்த்துக்கறோம்."

மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பின்னால் நின்ற ஒரு பெண் குறுக்கே வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள்.

"அவரை அனுப்பாதீங்க. நான்தான் அவர்கிட்ட போய் அழுதேன்."

"நீங்களா? எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரர் போய் இருபது நாளாச்சு. அன்னிக்கு என் பொண்ணு அவர் பக்கத்துல நின்னு மூணு தடவை எழுந்திருன்னு கத்தினா. இங்க கத்துக்கிட்டதுதானே? அவர் எழலை. 'நான் சரியாக் கத்தலைம்மா, அதான் அப்பா எழலை'ன்னு அன்னியிலேர்ந்து புலம்பல். ஒரு வாய் சோறு ஒழுங்கா இறங்கலை."

நூலகர் மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து கதை முடிஞ்சதும் ஓடி வந்து கேட்டா. 'நாப்பது பேர் கத்தியும் ராஜகுமாரன் எழலையேம்மா. அப்போ தப்பு என் மேல இல்லைதானே?' வீட்டுக்குப் போனதும் தட்டு நிறையச் சாப்பிட்டா. நான் சொல்லிப் பார்த்தேன், டாக்டர் சொல்லிப் பார்த்தார், சொந்தக்காரங்க அத்தனை பேரும் சொல்லிப் பார்த்தாங்க. அவளைச் சாப்பிட வச்சது இந்த மீசைக்காரர்தான்."