மாடி அறைக்கும் வரி

“என்னங்க, முழுசா இருக்கீங்களா?”

மாடியில் ‘தடால்’ என்று கேட்ட சத்தத்தில் பதறிப்போய்க் கீழிருந்து கத்தினாள் மனைவி.

“எனக்கென்ன! பழைய மாவு டின்னு உருண்டுடுச்சு” என்று மூச்சு வாங்கினார் பேக்கரிக்காரர். “நகரசபைலேர்ந்து வீட்டை அளக்க வர்றாங்கல்ல? இதைச் சாமான் அறையா காட்டிட்டா வீட்டு மதிப்பு குறையும், வரியும் குறையும்.”

“அது நம்ம பையன் அறைங்க!”

அழைப்பு மணி அடித்தது. கையில் டேப்போடு வாசலில் ஓர் இளம்பெண்.

“விக்கவே போகாத வீட்டுக்கு எதுக்கும்மா விலையை ஏத்தறீங்க?” என்று வரவேற்றார் அவர்.

அவள் சிரித்தாள். “நாங்க ஏத்தலைங்க, தெருவே ஏறியிருக்கு. தண்ணி, தெருவிளக்கு, குப்பை வண்டின்னு ஊர் செலவை முதல்ல கூட்டுவாங்க. அதை அவங்கவங்க வீட்டு மதிப்புக்குத் தகுந்த மாதிரி பங்கு போடுவாங்க.”

“கேக் வெட்டற மாதிரியா? அப்ப என் துண்டைச் சின்னதாவே வெட்டும்மா. ஆயுசு முழுக்க அடுத்தவங்களுக்குப் பெரிசா வெட்டிக் கொடுத்தவன் நான்.”

மாடிக்குப் போனார்கள். கைப்பிடியைத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் கதவு அது. முன்னால் போன அந்தப் பெண், யாரும் சொல்லாமலே தூக்கித் தள்ளினாள். திறந்துகொண்டது.

“இது சாமான் அறையா?”

“ஆமா” என்றார் அவர். “இல்லை” என்றாள் மனைவி, அதே நொடியில்.

“என் பையன் படுக்கற அறைம்மா. பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, வாசப்படி மிதிக்காதேன்னுட்டார் இந்த மனுஷன். வருஷம் மூணாச்சு, மருமக முகத்தைக்கூட நாங்க பார்த்ததில்லை. அதுக்காக அவன் இடத்தை டின்னுக்குக் கொடுக்கறதா?”

அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள். “படுக்கை அறைன்னு எழுதினா வரி கூடும். ஐயா என்ன சொல்றீங்க?” அவர் முகத்தையே பார்த்தாள்.

பேக்கரிக்காரர் கட்டிலைப் பார்த்தார். டின்களுக்கு அடியில், மகனுக்காக மனைவி துவைத்து மடிப்புக் கலையாமல் விரித்திருந்த விரிப்பு. ஒரு டின்னை எடுத்துக் கீழே வைத்தார். அடுத்ததையும் வைத்தார்.

“படுக்கை அறைன்னே எழுதும்மா” என்றார். “கூடினா கூடட்டும். என்னிக்காவது வந்தாங்கன்னா ரெண்டு பேரும் எங்கே படுப்பாங்க?”

அவள் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டுக் கடைசி டின்னைத் தானே இறக்கி வைத்தாள்.

“இனிமே இந்த வீட்டை நான் அளக்கக் கூடாது, மாமா. சொந்தக்காரங்க வீட்டுக்கு மதிப்புப் போடக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல விதி. நாளைக்கு வேற ஆள் வருவாங்க... உங்க பையன் தெருமுனையிலதான் நிக்கறார், வரச் சொல்லட்டுமா?”