மில் வாசலில் விட்டுப்போன பெயர்

"இந்தப் பொண்ணை இன்னிக்கே நிறுத்துங்க தலைவரே. இல்லைன்னா நான் சங்கத்துல இருக்கமாட்டேன்."

ஆதாரம் சார் உட்காரவே இல்லை. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே சொந்தப் பெயரைத் தொலைத்தவர்.

அவர் நிறுத்தச் சொன்ன பெண், வரலாற்றுச் சங்கத்தின் ஒற்றை அறையில், அலமாரி ஓரமாக நின்றாள். வாரநாளில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெளியூர்க்காரர்களுக்குப் பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுவாள். நாலு பேரோடு ஆரம்பித்தது. இப்போது நாற்பது பேர் வருகிறார்கள். சுற்றுலாத் துறை தன் கையேட்டில் சேர்க்கப் போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு உயிர்.

"அப்படி என்ன பண்ணிட்டா?" என்றார் தலைவர்.

"போன வாரம் என் புது சம்பந்தியைச் சுத்திப் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருக்கு. 'எங்க சங்கம் ஆதாரமில்லாம ஒரு வார்த்தை பேசாது'ன்னு பெருமையடிச்சு வச்சிருக்கேன். எரிஞ்சுபோன நூல் மில் வாசல்ல நின்னு இவ என்ன சொன்னா தெரியுமா? 'தீப்பிடிச்சப்ப யாரோ பின்கதவைப் பூட்டி வச்சிருந்தாங்க. பதினோரு பேர் செத்துப்போனாங்க.' யாரோவாம். 'பூட்டினது யாரு?'ன்னு சம்பந்தி கேட்டார். 'தெரியாது சார்'னு சொல்லிட்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டிட்டா. என் மானம் கப்பலேறிடுச்சு."

தலைவர் அவளைப் பார்த்தார். "விசாரணைக் கோப்பு நம்மகிட்டயே இருக்கே. நீ படிச்சதில்லையா?"

"படிச்சிருக்கேன் சார்."

"அப்புறம்?"

"மறந்துட்டேன் சார்."

"கேட்டீங்களா? பதினோரு உயிரைப் பறிச்சவன் பேர் மறந்துபோச்சாம். செத்தவங்களுக்குச் செய்யற துரோகம் இல்லையா இது?"

பேச்சில் நியாயம் இருந்தது. தலைவருக்கு வேறு வழி தெரியவில்லை. தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். அவள் அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"அதோட விடக் கூடாது. கோப்பை எடுங்க. அந்தப் பேர் கையேட்டுல அச்சாகணும்."

"வேண்டாம் சார்" என்றாள் அவள், அவசரமாக.

"நீ பேசாதே."

அவரே அலமாரியைத் திறந்தார். ஊருக்கெல்லாம் ஆதாரம் கேட்ட மனிதர் அந்தக் கோப்பை இதுவரை பிரித்ததே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"பின்கதவைப் பூட்டச் சொன்னவர், மில் மேலாளர்..."

குரல் அங்கேயே நின்றது. அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே, இன்றைக்கும் அவர் குடியிருக்கும் வீட்டின் விலாசம்.

தலைவர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு... வேற ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார் ஆதாரம் சார், யார் முகத்தையும் பார்க்காமல்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்தப் பேரை நீ யாருக்குமே சொன்னதில்லையா?"

"எல்லா வாரமும் சொல்றதுதான் சார். போன வாரம் இவரோட சம்பந்தி நின்னார். வாய் வரலை."