தவளைக் கிழங்கு

"அந்தக் கெழங்கத் தின்னா, பொறக்கப் போற புள்ளைக்குத் தவளக் கால் மொளைக்குமாம்."

காலையில் ஆள் கூடும் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுப்பதற்குள் கந்தப்பன் இதைச் சொல்லிவிட்டார். பத்து மணித் தேநீருக்குள் விஷயம் தோட்டம் முழுக்கப் போய்விட்டது.

பட்டிப்பொலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த தனுஷிகா, லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். காட்டுக் கிழங்கு ஒன்றிலிருந்து கருகல் நோயைத் தாங்கும் மரபணுவை எடுத்து நம் கிழங்கில் சேர்த்திருக்கிறோம், இதற்குக் கருகல் மருந்தே அடிக்கத் தேவையில்லை என்று வீடு வீடாகப் போய் விளக்கினாள். மொத்தம் நூற்றிருபது செடி. அறுவடையில் ஒன்று குறைந்தாலும் சோதனை செல்லாது.

அவள் ஒன்று சொன்னால் கந்தப்பன் ஒன்பது சொன்னார். அது தவளையின் மரபணு என்றார். தின்றவன் நாக்கில் முடி முளைக்கும் என்றார். தொட்டாலே கொழுந்து பறிக்கிற விரல் மரத்துப்போகும் என்றார். லயத்தின் கடைசி வீட்டு அம்மாக்கண்ணு தன் கோழியைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை.

மனிதருக்கு ஏன் இந்த ஆத்திரம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாக டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர்க் கிழங்குக்கெல்லாம் மருந்தடிப்பவர் அவர்தான். மருந்து கேட்காத கிழங்கு வந்தால் அவர் பிழைப்பில் மண் விழும்.

அந்த மாதம் மழை விடவே இல்லை. நாலு தடவை மருந்தடித்தும் ஊர்க் கிழங்கெல்லாம் கருகிப்போனது. தனுஷிகாவின் செடிகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. மண் சரிந்து அவள் போட்ட வேலி விழுந்தது. பாதையும் அடைபட்டதால் பதினைந்து நாள் அவளால் வர முடியவில்லை. கடையில் கிழங்கு கண்ணில் படாத நேரம் வேறு.

வந்து இறங்கியதும் நேரே செடிகளிடம் ஓடினாள். போன வருடம் வேறொரு தோட்டத்தில் இதே கிழங்கை ஆகா ஓகோ என்று விளக்கப்போய், தீபாவளிக்கு முதல் நாள் பாதி நிலம் ஊரார் சட்டியில் கறியாகிவிட்டிருந்தது.

ஒவ்வொன்றாக எண்ணினாள். நூற்றிருபது. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். அதே நூற்றிருபது.

டேங்கோடு அந்த வழியாக வந்த கந்தப்பனைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் வெளியே வந்தது.

"வேலி இல்லாமலே ஒரு செடியத் தொடல, எவ்வளவு நல்ல சனம். உங்க பொழப்புக்காக அவங்களப் போய்ப் பயமுறுத்தி வச்சிருக்கீங்களே, நியாயமாண்ணே?"

கந்தப்பன் டேங்கை இறக்கி வைத்தார். வெகு நேரம் இருமி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"போன வருசம் கறி வச்ச கத நானும் கேட்டேங்க மிஸ். நல்ல கெழங்குன்னு சொன்னா நம்ம ஆளுக விட்டு வைப்பாங்களா? அதான் தவளையக் காவலுக்குப் போட்டேன்."

கந்தப்பன் டேங்கைக் காலால் ஒதுக்கித் தள்ளினார்.

"டேங்கு தூக்கியே நெஞ்சு போச்சுங்க. வெதக்கெழங்கு குடுக்க எத்தன வருசமானாலும் மொதப் பேரு என் பேரா எழுதிக்குங்க. ஒன்னு மட்டும், யாருக்கும் தெரியாம சாக்குல சுத்திக் குடுங்க மிஸ். அந்தத் தவளக் கதைய எங்க வீட்டுக்காரியும் நம்பிட்டா."