பிரம்பு நாற்காலி

முதலாளி வாங்கி மாட்டிய அந்த ஓவியத்தில் ஒரு பிரம்பு நாற்காலி மட்டும் இருந்தது. விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாத ஜவுளிக்கடை அது. காலையிலிருந்து நின்ற அமிர்தவல்லி, கால் கடுக்க, அந்த நாற்காலியையே பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் பின்னல் நடுவில் தொய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது.

“உக்காந்துக்கக்கா. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்காரு,” என்று சிரித்தாள் பக்கத்தில் நின்ற தமயந்தி.

“அந்த நார் புடவையக் கிழிச்சிரும்டி.”

சொல்லிவிட்டு, புடவையை ஒதுக்கிப் பிடித்தபடி அமிர்தவல்லி ஓவியத்தின் மேல் மெல்லச் சாய்ந்தாள். பிரம்பு முனகியது. பாதங்கள் தரையை விட்டு எழும்பின. எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் சூப்பர்வைசரின் குரல் அவள் பெயரைச் சொல்லித் தேடியது.

“அக்கா அப்பவே கெளம்பிட்டாங்க சார்,” என்றாள் தமயந்தி, ஓவியத்தை மறைத்து நின்றுகொண்டு.