மாமனார் தேர்ந்தெடுத்த எஞ்சின்

மாமனார் ஆயில் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் கவிழ்த்து வைத்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூடி ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு தடதடவென்று குதித்து, பேட்டரியில் மோதி, தரையில் விழுந்து உருண்டது.

துளையிலிருந்து புகை வந்தது. பின்னால் சைலன்சரிலிருந்தும் வந்தது, நீலமாக. பக்கத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அந்தத் துணியாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

மாமனார் குனிந்து மூடியை எடுத்தார். துடைத்தார். திருகி மூடினார்.

“எடுத்துக்கலாம் மாப்ள. நல்ல எஞ்சின்.”

அவன் தரகரைப் பார்த்தான். தரகர் வானத்தைப் பார்த்தார்.

அவனுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த மூடி விஷயம்கூட மாமனார் சொல்லிக் கொடுத்ததுதான். மூடி அசையாமல் இருந்தால் எஞ்சின் வாலிபன், ஆடினால் கிழவன், குதித்தால் எடைக்குப் போட வேண்டியதுதான் என்பார். பஸ் டிப்போவில் எஞ்சின் பிரித்தே தலை நரைத்தவர். அவர் காது கொடுத்துக் கேட்காத வண்டியை அந்தத் தெருவில் யாரும் வாங்குவதில்லை.

அதனால்தான் அவரைக் கூட்டி வந்தான். வந்த நாளிலிருந்து தலைவலிதான்.

மலைமேல் அணைக்கட்டில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஊர் எல்லையிலேயே ஏற்றம் தொடங்கிவிடும். ஒரு பகல் முழுக்க வளைவுகள், மழை பெய்தால் சேறு. அந்தப் பாதைக்கு எஸ்யூவிதான் சரிப்படும் என்றார்கள். பழையதானாலும் பரவாயில்லை, நடுவழியில் நிற்காத எஞ்சின் வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

மனைவி இறந்ததிலிருந்து மகள் மாமனார் வீட்டில்தான் வளர்கிறாள்.

எத்தனை பேர் போகப்போகிறீர்கள் என்று தரகர் முதல் நாளே கேட்டார். ரெண்டு பேர் என்றான். ஏழு சீட் வண்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளை வண்டி பூனை மாதிரி ஓடியது. உள்ளே ஏதோ முனகுகிறது என்றார் மாமனார். சாம்பல் நிற வண்டியில் எஞ்சினுக்குள் செயின் சத்தம் கேட்பதாகச் சொன்னார். வேறு யார் காதிலும் அது விழவில்லை. சிவப்பு வண்டி சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொண்டது. இவ்வளவு சுலபமாக ஸ்டார்ட் ஆனால் எதையோ மறைக்கிறது என்று அர்த்தமாம்.

ஒவ்வொரு முறையும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு “சரி மாமா” என்றான்.

கடைசியில் இந்தப் புகைவண்டிக்கு நற்சான்று.

மாமனார் பின்சீட்டுப் பக்கம் போனதும் தரகர் அவன் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். வெள்ளை வண்டி விற்றுவிட்டது, யாருக்குத் தெரியுமா என்றார். மாமனாரின் சொந்தத் தம்பிக்கு. இவரே கையோடு கூட்டி வந்து, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, இப்படி ஒரு எஞ்சின் இனிமேல் அமையாது என்று சொல்லி வாங்கிக் கொடுத்தாராம்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களுக்கும் உங்க மாமாவுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?”

வெகு நாட்களாக அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. இது உறைத்தது. வாயில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

மாமனார் நடுச்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகெல்லாம் மண். வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் குழாய்களைத் தடவிப் பார்த்திருக்கிறார். நான்கு டயரிலும் நகத்தை விட்டு ஆழம் பார்த்திருக்கிறார். ஸ்டெப்னியைக்கூட இறக்கி வைத்திருந்தார்.

மற்ற வண்டிகளில் அவர் எஞ்சினோடு நிறுத்திக்கொண்டார். டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்ததுகூட இல்லை.

இப்போது பின்கதவின் சைல்டு லாக்கைப் போட்டார், எடுத்தார். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். பிடித்துக்கொண்டது. மறுபடி இழுத்தார். பிறகு அதை மெதுவாகத் தாழ்த்தி, தன் இடுப்புக்குச் சற்று மேலே பிடித்து, அங்கே ஒரு சின்னத் தோள் இருப்பது போல உள்ளங்கையை வைத்து அளவு பார்த்தார்.

அவன் கதவருகே நின்றான்.

“மாமா, இது மலை ஏறுமா?”

மாமனார் பெல்ட்டை விட்டார். அது சுருண்டு உள்ளே போனது.

பிரேக் பிரமாதம் என்றார். டயர் நான்கும் புதுசு மாதிரி இருக்கிறது என்றார். ஏசி ஜில்லென்று வருவதாகவும் சொன்னார்.

“மலை, மாமா.”

எஞ்சின் இன்னும் இருமிக்கொண்டிருந்தது. எத்தனையோ வண்டிகளுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே குரலில், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“முதல் வளைவுலயே நின்னுடும் மாப்ள. திரும்பினா இறக்கம்தான். அப்படியே பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துடலாம்.”