கவுச்சி கூடாது

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வூட்ட காலி பண்ணிடும்மா. எறா நாத்தம் கொடலப் புடுங்குது."

மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் நின்றார் வீட்டுக்காரர் தசரதன். போன வருடம் வரை கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மனிதர். குன்றத்தூர் முருகனுக்கு மாலை போட்டதிலிருந்து சுத்த சைவம். புதுச் சைவத்துக்கு மூக்கு கொஞ்சம் நீளம்.

மாடியில் குடியிருக்கும் ஜாஸ்மின் கரண்டியோடு படிக்கு வந்தாள். கம்பெனி ஆட்கள் வந்து குவியும் சுங்குவார்சத்திரத்தில் வேறு வீட்டுக்கு எங்கே போவது? அவளுடைய பல் கிளினிக் வேறு அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

"ரசம்தான் வெச்சேன் அங்கிள்."

"ரசத்துல எறா போட்டியா? நேத்து ஷேர் ஆட்டோவுலயும் இதே நாத்தம். கோயிலுக்குப் போனா அங்கயும் கீது. எவனோ தின்னுட்டு வந்து பக்கத்துல நிக்கிறான்."

ஜாஸ்மின் அவரை உற்றுப் பார்த்தாள்.

"கொஞ்சம் வாயத் தொறங்க."

"இன்னாத்துக்கு?"

"ஆ சொல்லுங்க."

சொன்னார். அவள் இரண்டு படி பின்வாங்கினாள்.

"பல்லு எப்போ புடுங்கினீங்க?"

"போன வாரம். புண்ணு ஆறவே மாட்டேங்குது."

"குழி அழுகிக் கெடக்கு அங்கிள். நீங்க போற எடத்துக்கெல்லாம் நாத்தமும் உங்ககூடவே வந்திருக்கு."

மூக்கிலிருந்த கையைத் தசரதன் மெல்ல வாய்க்கு இறக்கினார்.

கிளினிக் நாற்காலியில் சாய்ந்தவரிடம் ஜாஸ்மின் கேட்டாள்: "முன்னாடி எறா தின்னப்போ ஒடம்பு அரிச்சிருக்கா?"

"பழச ஏம்மா கெளறுற? சட்டி சட்டியா தின்னவன் நானு. ஒண்ணும் ஆனதில்ல."

"சரி, மருந்து வைக்கப் போறேன்."

"எத வேணா வையி. நாத்தம் போனா போதும்."

குழியைக் கழுவி, பஞ்சு போன்ற சின்னத் துண்டு ஒன்றை உள்ளே வைத்தாள்.

நாலு நாள் போனது. தசரதன் மாடியேறி வந்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கமகமன்னு கீதும்மா உன் ரசம். நீ காலி பண்ண வேணாம், இங்கயே இரு. ஆனா ஒண்ணு. எறா மட்டும் இந்த கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது. யாரு கொண்டாந்தாலும் அன்னிக்கே வூட்ட காலி பண்ணிடணும்."

"அப்போ மொதல்ல நீங்கதான் அங்கிள் காலி பண்ணணும்," என்றாள் ஜாஸ்மின். "உங்க ஈறுல வெச்ச மருந்தே எறா ஓட்டுலேந்து எடுத்ததுதான்."