குண்டன் ஓடுகிறான்

"வீட்டுல அண்ணன் சாகக் கிடக்கிறார், தம்பிக்கு மாரத்தான் கேக்குதா?"

அண்ணி இதை வாய்விட்டேதான் சொன்னாள். காதில் விழட்டும் என்றே சொன்னாள். வாசலில் உட்கார்ந்து புது ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் தலையை நிமிர்த்தவில்லை.

"போயிட்டு வந்துடறேன் அண்ணி" என்று எழுந்து போனான்.

அவள் கோபத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கணவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. யாராவது தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் கஷ்டம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய ரத்த வகை சேரவில்லை. சேர்ந்தது கூடப்பிறந்த இந்தத் தம்பி ஒருத்தனுக்குத்தான்.

தம்பி தையல்காரன். நாளெல்லாம் மிஷின் முன்னால் உட்கார்ந்தே தொந்தி போட்டவன். அண்ணன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் குண்டன்தான்.

"நான் தரேன், என் அண்ணனுக்கு நான் தராம யார் தருவா?" என்று மார்தட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒத்துவராதுன்னுட்டாங்க அண்ணி."

"ஏன்? ரத்தம் சேருதுன்னாங்களே!"

"என்னமோ சொல்றாங்க" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே நழுவிவிட்டான்.

அதற்கு அடுத்த வாரமே ஷூ வந்துவிட்டது. கேட்டால், நெடுந்தூர ஓட்டப் பந்தயமாம். பேர் கொடுத்திருக்கிறானாம்.

கத்திக்குப் பயந்துவிட்டான், வேறென்ன? கொடுக்க மனசில்லாமல் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டு, தன் உடம்பைப் பேணக் கிளம்பிவிட்டான். அவள் அப்படித்தான் நினைத்தாள். ஊரும் அப்படித்தான் பேசியது.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. இவனுக்கு ஆடுறது தொந்தி மட்டும்தான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

முதல் நாள் அவனால் தெருமுனை மருந்துக்கடை வரைகூட ஓட முடியவில்லை. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பால் வாங்கப் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணனும் பார்த்தார். "டேய் குண்டா, கம்பத்தைச் சாய்ச்சுடாதே!" என்று கத்தப் பார்த்தார். குரல் ஜன்னலைத் தாண்டவில்லை.

கொஞ்ச நாளில் மருந்துக்கடையைத் தாண்டினான். அப்புறம் பூங்காவை நிற்காமல் சுற்றினான். மழையில் ஓடினான். முழங்கால் வீங்கியபோது துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினான். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினான்.

அண்ணனோ கட்டிலை விட்டு எழுந்திருப்பதையே நிறுத்திவிட்டார். கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, கையும் காலும் குச்சியாகிக்கொண்டிருந்தன.

"பாரேன், பாலம் வரைக்கும் போறானாம்" என்பார் மனைவியிடம்.

"ரொம்பப் பெருமைதான்!"

"விடும்மா. இந்த வீட்டுல ஒருத்தனாவது ஓடட்டும்."

அதைக் கேட்டதும் அவளுக்கு வயிறு இன்னும் எரியும்.

சாப்பாட்டிலும் அவன் அலட்டல் தாங்கவில்லை. பொரித்ததைத் தொடமாட்டான். இனிப்பு ஆகாது. தட்டில் பாதியை ஒதுக்கிவிடுவான்.

"ஆமாமா, உடம்பு முக்கியமாச்சே" என்று ஒருநாள் தட்டை வெடுக்கென்று எடுத்தாள். "ஏன் தம்பி, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன். நான் என்ன உன்னைக் கட்டி இழுத்துட்டா போகப்போறேன்?"

அவன் கண் கலங்கியது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க அண்ணி."

"எதுக்கு? உன் பந்தயம் முடியறதுக்கா? அதுவரைக்கும் அவர் தாங்கணுமே!"

அவன் அன்று சாயங்காலமும் ஓடப் போனான்.

அண்ணன் ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். தம்பி அப்போதும் ஓட்டத்தில்தான் இருந்தான்.

வியர்வை சொட்டச் சொட்டத் தெருவில் திரும்பியவன், வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "கூடப்பிறந்தவன் வர்ற லட்சணத்தைப் பாருங்க" என்று யாரோ காறித் துப்பினார்கள்.

அண்ணி எழுந்து வந்தாள். "வாப்பா. ஜெயிச்சுட்டியா?"

அவன் அப்படியே படியில் சரிந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கு அதுவும் நடிப்பாகத்தான் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் உடலை எடுத்துப் போனார்கள். ஆண்கள் எல்லோரும் கூடவே போய்விட்டார்கள். அரவம் அடங்கிய வீட்டில் மேஜை மேல் கொழுந்தனின் போன் அடித்தது. விடாமல் அடித்தது. சகிக்காமல் அவளே எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் பேசறேன். டெய்லர் சார் இருக்காரா?"

"வெளியே போயிருக்கார். நான் அவரோட அண்ணி."

"அண்ணியா? அப்ப உங்ககிட்டேயே சொல்லிடறேன், நல்ல சேதிதான். இனிமே சொன்னா கோவிச்சுக்க மாட்டார்!" நர்ஸின் குரலில் உற்சாகம் தாங்கவில்லை. "'உங்க கல்லீரல்ல கொழுப்பு அதிகமா இருக்கு, இதை வெட்டிக் கொடுக்க முடியாது, முதல்ல கரைச்சுட்டு வாங்க'ன்னு டாக்டர் அவரைத் திருப்பி அனுப்பிட்டாரு. 'கரையாமப் போயிட்டா என்ன பண்றது? வீட்டுல ஆசை காட்டி மோசம் பண்ணக்கூடாது, யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க'ன்னு அழுதாரும்மா, பாவம். நேத்து எடுத்த ஸ்கேன் இப்பதான் வந்தது. கொழுப்பு சுத்தமாக் கரைஞ்சிருக்கு. அண்ணனைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வரச் சொல்லுங்க."